இடது காலை எங்கே வைப்பது?

போன வருடம் ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விருத்தாசலத்திலிருந்து வேப்பூர் போகிற சாலையில் பாதி வழியில், ஒரு வேப்பமரத்துக்கும் மக்காச்சோளக் காட்டுக்கும் நடுவே நடந்தது இது. அந்த மரம் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன். என் வண்டவாளம் முழுக்க அதற்குத் தெரியும்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த முட்டாள்தனத்தின் முழு அழகும் உங்களுக்குப் பிடிபடாது. பீங்கான் பொம்மை செய்கிற சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். ஷெட்டில் அச்சில் வார்த்துக் காயவைப்போம். சுடுவதற்கு மட்டும் பொதுச் சூளைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே முறை வைத்துத்தான் இடம் கிடைக்கும். சுடுவதற்கு முந்தைய பொம்மையைப் பச்சைப் பொம்மை என்போம். பார்வைக்குக் கல், தொட்டால் அப்பளம். அதிலும் கொலுவுக்குப் போகிற கல்யாண ஊர்வல செட் இருக்கிறதே, அதில் தவில்காரரின் கை தீக்குச்சி பருமன்தான் இருக்கும்.

இதையெல்லாம் என் பழைய காரின் பின்சீட்டில் பலகை போட்டு, கம்பளி விரித்து, வரிசையாக நிறுத்திக் கொண்டுபோவேன். கார் வாங்கிய புதிதில் ஒருநாள் நாய் குறுக்கே வந்தது. பிரேக் அடித்தேன். நாய் பிழைத்தது. பின்சீட்டில் மேளக் கச்சேரி மொத்தமும் கையை இழந்தது. நாதஸ்வரக்காரருக்கு ஊத வாய் இருந்தது, பிடிக்கக் கை இல்லை.

அன்று பிடித்த வழக்கம். கிளட்சைப் பாதி அமுக்கி, பாதி விட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஊர்ந்துகொண்டே போவேன். குலுங்காது, இழுக்காது. குழி வந்தால் தாலாட்டுகிற மாதிரி இறங்கி ஏறும். சூளையில் வேலை செய்கிறவர்கள் என் காருக்குப் பல்லக்கு என்று பேர் வைத்திருந்தார்கள். எனக்கு அதில் பெருமை வேறு. பொம்மை இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் இடது கால் கிளட்ச் மேலேயே குடியிருந்தது.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். என் மகளுக்குப் புனேயில் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலை சேர வேண்டும். அன்று சாயங்காலம் சென்னையில் விமானம். எங்கள் குடும்பத்தில் விமானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் உண்டு, ஏறப்போவது அவள்தான் முதல். ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் கடைசிவரை அசையவில்லை.

"இங்கேருந்தே மெட்ராஸ் பஸ்ஸு இருக்குதேப்பா, நானே போயிக்கிறேன்" என்றாள் அவள்.

நான் விடுவேனா? திருச்சியிலிருந்து வருகிற சொகுசு பஸ் வேப்பூரில் நிற்கும், படுத்துக்கொண்டே போகலாம், ஏர்போர்ட் எதிரிலேயே இறங்கலாம் என்று பெரிய வக்கீல் மாதிரி வாதாடி, பதினோரு மணி பஸ்ஸுக்கு டிக்கெட் போடவைத்தேன். உண்மைக் காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. வேப்பூர் வரைக்கும் இன்னொரு அரைமணி நேரம் அவள் என் காரில் இருப்பாள், அவ்வளவுதான். சொல்ல வேண்டிய அறிவுரைகளை எல்லாம் அந்த அரைமணிக்கென்று மனதில் அடுக்கி வைத்திருந்தேன்.

அன்று காலையிலேயே சூளை முறையும் வந்து தொலைந்தது. நவராத்திரி நெருங்குகிற நேரம், முறையை விட்டால் யார் தருவார்கள்? விடிந்ததும் ஒரு நடை பொம்மையை ஏற்றிக்கொண்டு பல்லக்கில் புறப்பட்டேன். சூளை வாசலில் நிறுத்தும்போது காந்தல் வாடை அடித்தது.

வேறு ஊராக இருந்தால் எரிகிற வாடை வந்ததும் பதறுவார்கள். எங்கள் ஊரில் எங்களைப் போன்றவர்களுக்கு எரிகிற வாடைதான் மூச்சுக்காற்று. யாரோ லோடு ஏற்றிவிட்டார்கள், வண்ணத்தில் கலந்த எண்ணெய் கருகுகிறது என்று மனது தானாகக் கணக்குப் போட்டுவிடும். நானும் அப்படித்தான் போட்டேன். பொம்மையை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, மனைவியையும் மகளையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது ஏற்கனவே தாமதம்.

மேம்பாலம் ஏறினோம். எஞ்சின் மலையேறுகிற லாரி மாதிரி உறுமியது. வண்டி மட்டும் ஏறுவதற்கு மனசில்லாமல் யோசித்துக்கொண்டிருந்தது. புல்லுக்கட்டு கட்டிய ஒரு மொபட் என்னை முந்திக்கொண்டு போனது. புல் கண்ணாடியில் உரசிவிட்டுப் போனதுகூட எனக்கு உறைக்கவில்லை.

"ஏங்க, ஏதோ தீயிற நாத்தம் அடிக்கிது" என்றாள் மனைவி.

"சூளைக்குப் போயிட்டு வந்தேன் இல்ல, சட்டையில ஒட்டியிருக்கும்."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒங்க சட்டைய தொவைக்கிறவ நானு. ஒங்க நாத்தம் எது, ஊரு நாத்தம் எதுன்னு எனக்குத் தெரியாதா? இது புதுசா இருக்குது."

ஊரைத் தாண்டினோம். இரண்டு பக்கமும் காடு. சூளையும் இல்லை, புகையும் இல்லை. வாடை மட்டும் கூடவே டிக்கெட் எடுத்தது போல வந்தது. மகள் போனில் எதையோ தேடிப் படித்துவிட்டு, டாக்டர் மாதிரி கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"அப்பா, மிதிச்சா சத்தம் ஏறுதா?"

"ஏறுது."

"வேகம் ஏறுதா?"

"அதான் எஞ்சின் நல்லா சத்தம் போடுதேம்மா."

"வேகத்த கேட்டேன்ப்பா."

நான் ஏ.சி.யை அணைத்தேன். அதுதான் எஞ்சினை இழுக்கிறது என்றேன். பிறகு பெட்ரோலில் கலப்படம் என்றேன். பிறகு எதிர்க்காற்று என்றேன். "மரத்துல ஒரு எல கூட ஆடலியே" என்றாள் மனைவி. ஹேண்ட் பிரேக்கை ஒருமுறை இழுத்து விட்டுப் பார்த்தேன். கடைசியில் அந்த வேப்பமரத்தடிக்கு வந்ததும் எஞ்சின் "ஊ" என்று அழ, கார் மூச்சை விட்டுவிட்டு நின்றது. முதல் கியர் போட்டாலும் சத்தம்தான். இரண்டாவது போட்டாலும் சத்தம்தான்.

இறங்கி பானெட்டைத் திறந்தேன். அதற்குள்ளே எனக்கு அடையாளம் தெரிந்த ஒரே பொருள் பேட்டரி. அதை ஆட்டிப் பார்த்தேன், திடமாக இருந்தது. அத்தோடு என் மெக்கானிக் ஞானம் தீர்ந்தது. ஏதாவது செய்தாக வேண்டுமே என்று மகளின் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி ரேடியேட்டர் மேல் ஊற்றினேன். ரேடியேட்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. எங்கள் மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டால், அவர் ஸ்ரீமுஷ்ணத்தில் காதுகுத்து விருந்தில் இருக்கிறார். பின்னால் பம்பை சத்தத்தில் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, நான் அழுதது அவருக்குக் கேட்கவில்லை.

ஒரு பஸ் வந்தது. நடுரோட்டில் நின்று கையை ஆட்டினேன். படியில் தொங்கிக்கொண்டிருந்தவர்களும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். பஸ் நிற்கவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். வேப்பூரில் பதினோரு மணி பஸ் போய்விட்டால் அடுத்தது எப்போது, அதில் இடம் இருக்குமா, எதுவும் தெரியாது. விமானம் நமக்காகக் காத்திருக்காது. நாளைக்கு முதல் நாளே வேலைக்கு வராத பெண் என்று அவளுக்குப் பேர் வரும். எல்லாம் எதற்காக? இன்னும் அரைமணி நேரம் என்று நான் ஆசைப்பட்டதற்காக. மகள் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "டென்ஷன் ஆவாதப்பா, ஏதாவது வரும்" என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் அந்த வண்டி வந்தது. வந்தது என்று சொல்லக் கூடாது, மெதுவாகத் தோன்றியது. முன்னாலும் பின்னாலும் சிவப்பில் 'எல்' எழுதிய டிரைவிங் ஸ்கூல் கார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கழுத்தைப் பிடிப்பது மாதிரி பிடித்துக்கொண்டு, என் வயதை ஒத்த ஒரு அம்மாள். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட, முப்பதைத் தாண்டிய பயிற்சியாளர் பெண். எங்களைப் பார்த்ததும் கார் ஒரு துள்ளு துள்ளி நின்றது.

"என்னா சார், கிளச்சா?" இறங்குவதற்கு முன்பே கேட்டார் பயிற்சியாளர்.

"எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"நீங்க பத்த வச்ச நாத்தம் ரெண்டு கிலோமீட்டருக்கு முன்னாடியே வருது சார். கியரு போடும்போது கறகறன்னு சத்தம் வருதா? பெடலு பொசுக்குனு உள்ள போயிடுதா?"

இரண்டும் இல்லை என்றேன்.

"அப்போ கிளச்சு வுடாத வியாதி இல்ல, புடிக்காத வியாதி. ஒரு நிமிஷம், வேப்பூர் வரைக்கும் தாங்குமான்னு பாத்துடுவோம். ஏறுங்க. ஹேண்ட் பிரேக்க நல்லா இழுங்க. மூணாவது கியரு போட்டு, லேசா ரேஸ் குடுத்துக்கினே கால கிளச்சுலேருந்து எடுங்க. எஞ்சின் நிக்கணும்."

செய்தேன். எஞ்சின் நிற்கவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே இருந்தது.

"நிக்கலையே மேடம்! நல்ல எஞ்சின்!" என்றேன் முகம் மலர.

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பயிற்சியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நிக்கணும் சார். கிளச்சு புடிச்சிருந்தா பிரேக்குக்கும் கியருக்கும் நடுவுல மாட்டி அது செத்துருக்கணும். நிக்காம ஓடுதுன்னா உள்ள பிளேட்டு வழுக்குது. போதும், அணைங்க" என்றார். குனிந்து என் காலடியைப் பார்த்தார். பிரேக் பெடலின் ரப்பர் புதிது மாதிரி இருந்தது. கிளட்ச் பெடலின் ரப்பர் வழுக்கைத் தலைபோல மின்னியது. வழுக்கையைப் பற்றி எனக்குத் தெரியும், என்னுடையதும் அதே ரகம்.

"ஓட்டும்போது எடது கால எங்க வைப்பீங்க?"

"இங்கதான்."

"எப்பவுமா?"

"எப்பவும்தான். பச்சைப் பொம்மை ஏத்துவேன் மேடம். குலுங்குனா ஒடஞ்சிடும். அதான் பாதி கிளச்சுலயே..."

அவர் திட்டுவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் திட்டவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பொம்மைக்காகவா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "முழுசா அமுக்குனா ஒண்ணும் தேயாது சார். முழுசா வுட்டாலும் தேயாது. நடுவுல வச்சிக்கினே இருந்தாத்தான் எரியும்."

உடனே நிமிர்ந்து என் மகளைப் பார்த்தார். "பெட்டிய எடும்மா. எங்க போவணும், வேப்பூர்தானே? நாங்க கொண்டுபோயி வுடுறோம்."

எனக்கு உயிர் வந்தது. "நீங்க ஓட்டுவீங்க இல்ல மேடம்?"

"இல்ல, அக்காதான் ஓட்டுவாங்க. இன்னிக்கு அவங்க கிளாஸு."

எனக்கு வந்த உயிர் திரும்பிப் போனது. ஸ்டியரிங்கில் இருந்த அம்மாள் உற்சாகமாகத் தலையை வெளியே நீட்டி, "நாலாவது கியரே இன்னிக்குத்தான் போட்டேன் சார்! ஆளு ஏத்திக்கினு போற அளவுக்கு வந்துட்டேன்னா நான் பாஸுதானே?" என்றார்.

"பயப்படாதீங்க. எங்கிட்டயும் கிளச்சு, பிரேக்கு ரெண்டும் இருக்குது" என்றார் பயிற்சியாளர்.

மனைவி துணைக்குப் போவதென்றும், நான் காரைப் பார்த்துக்கொள்வதென்றும் அவர்களே முடிவு செய்தார்கள். பெட்டியைத் தூக்கி வைத்தேன். மகள் என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தாள். அரைமணிக்கு அடுக்கி வைத்திருந்த அறிவுரை எல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு உள்ளேயே நின்றது. வெளியே வந்தது ஒன்றே ஒன்று.

"தண்ணி வாங்கிக்கம்மா. ஒன் தண்ணிய நான் ரேடியேட்டருக்கு ஊத்திட்டேன்."

"வாங்கிக்கிறேன்ப்பா. போயிட்டு வரேன்."

கார் இரண்டு துள்ளு துள்ளிக் கிளம்பியது. பின் கண்ணாடியில் சிவப்பு 'எல்' எழுத்து சின்னதாகிக்கொண்டே போனது. இத்தனை வருடம் தவில்காரர் கைக்காகக் குலுங்காமல் ஓட்டியவன், என் மகளைத் துள்ளித் துள்ளிப் போகிற வண்டியில் அனுப்பிவிட்டு நடுரோட்டில் நின்றேன்.

அதற்கப்புறம் நான் பட்ட பாட்டை அந்த மரத்திடம்தான் கேட்க வேண்டும். மகளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மனைவிக்குப் போட்டேன், என் காரின் முன்சீட்டிலேயே மணி அடித்தது. வேப்பூர் போகிற லாரிகளை எல்லாம், அந்த 'எல்' வண்டியை இடித்துவிடுமோ என்று, எண்ணெய்ச் சட்டியைப் பார்க்கிற வடை மாதிரி பார்த்தேன். கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். யாராவது நமக்கு அநியாயம் செய்தால், இன்னார் இன்னது செய்தார் என்று எழுதிச் சாமியிடம் கட்டிவிட்டு வருவோம். அவர் பார்த்துக்கொள்வார். மனதிற்குள்ளேயே ஒரு பிராது எழுத ஆரம்பித்தேன். எதிரி யார் என்கிற இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. எப்படிச் சுற்றி எழுதினாலும் அங்கே என் பெயர்தான் வந்தது.

வெயில் மரத்தடியிலிருந்து என்னைத் துரத்திக் காருக்குள் உட்காரவைத்தது. உட்கார்ந்ததும் என் இடது கால் தானாகப் போய் கிளட்ச் மேல் ஏறிக்கொண்டது. நிற்கிற வண்டி, அணைந்த எஞ்சின், பின்சீட்டில் பொம்மையும் இல்லை, பெண்ணும் இல்லை. எதைக் குலுங்காமல் காப்பாற்ற அது அங்கே போனது என்று தெரியவில்லை. எடுத்துக் கீழே வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மறுபடி மேலே. அப்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நனைந்தது. எது முதலில் என்று கேட்காதீர்கள்.

ஒருவழியாக அந்த 'எல்' வண்டி திரும்பி வந்தது. ஓட்டுகிறவர் முகத்தில் கலெக்டர் களை. பின்சீட்டில் என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். சிரிக்கிறாள் என்றால் நல்ல செய்திதான் என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

"பஸ்ஸு கெளம்பிடுச்சுங்க" என்று ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருங்க, முழுசா கேளுங்க. பஸ்ஸு நகந்துடுச்சு. இவங்க ஒதுங்கி நிறுத்தத்தான் போனாங்க. பிரேக்க மிதிச்சிட்டு கிளச்சுலேருந்து படக்குனு கால எடுத்துட்டாங்க. வண்டி ஒரு துள்ளு துள்ளி பஸ்ஸுக்கு நேரா குறுக்கால நின்னு செத்துப்போச்சு. ஸ்டார்ட்டே ஆவல!"

"அந்த டிரைவரு என்னா கத்து கத்துறாரு தெரியுமா?" என்றார் ஓட்டிய அம்மாள். "ரோடு என்ன ஒன் வூட்டு வாசலாங்கிறாரு. போர்டு போட்டிருக்குது, படிக்கத் தெரியாதான்னு நானும் கேட்டேன். நாங்க பேசி முடிக்கிறதுக்குள்ள பாப்பா பெட்டியோட ஏறிட்டுது."

பயிற்சியாளர் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கால மெதுவா எடுங்க, மெதுவா எடுங்கன்னு தெனமும் தொண்ட கிழிய கத்துறேன். இன்னிக்கு ஒரு நாளு ஒண்ணும் சொல்லல."

அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நான் படக்குனு எடுக்குறேன், நீங்க எடுக்கவே மாட்டேங்கிறீங்க. நம்ம ரெண்டு பேரையும் கலந்து அரைச்சா ஒரு நல்ல டிரைவர் கெடைப்பாரு சார்."

நான் கும்பிட்டேன். வேறென்ன செய்ய? காசு எடுக்கப் போன கையைப் பயிற்சியாளர் பார்வையாலேயே சட்டைப் பைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குள் என் வண்டி ஆறியிருந்தது. இப்போது கொஞ்சம் பிடிக்கும், உறுமவிடாமல் மெதுவாக ஓட்டுங்கள், கால் தரையில் இருக்கட்டும் என்றார். ஊர் எல்லை வரை அப்படியே ஊர்ந்து வந்தேன். எனக்குப் பின்னால் பாதுகாப்புக்கு அந்த 'எல்' வண்டி. எதிரில் வந்தவர்கள் எல்லாம் முன்னால் போகிறவன்தான் கற்றுக்கொள்கிறவன் என்று நினைத்திருப்பார்கள். தப்பில்லை. ராத்திரி மகள் புனேயிலிருந்து அனுப்பிய செய்தியில் மேகத்தின் படம் ஒன்று இருந்தது. கீழே, "நல்லா வந்து சேந்துட்டேன்ப்பா. கிளச்சுலேருந்து கால எடுத்தாச்சா?"

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் பழைய கிளட்ச் பிளேட்டைக் கழற்றிக் காட்டினார். கறுத்து, ஆணி தெரிகிற அளவுக்குத் தேய்ந்து, அதிகம் வெந்துபோன சரக்கு மாதிரி இருந்தது. புதிது போட்ட பிறகு முதல் லோடு ஏற்றினேன். காலை முழுதாக எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். சூளை வாசலில் கம்பளியை விலக்கிப் பார்த்தால், ஒரே ஒரு தவில்காரருக்கு விரல் போயிருந்தது. மற்ற எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள். பல்லக்கு என்ற பேர் மட்டும் போய்விட்டது. இப்போது 'கார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். ரூம் மாற்றப்போகிறேன், ஸ்கூட்டி வாங்கப்போகிறேன், சினேகிதிகளோடு மலைக்குப் போகிறேன் என்று ஏதாவது சொல்லுவாள். அவள் "அப்பா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்த உடனே, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற என் இடது கால் இன்றைக்கும் தானாக எழும்பி இல்லாத ஒரு பெடலைத் தேடுகிறது. அதை மெல்ல இறக்கித் தரையில் ஊன்றி வைத்த பிறகுதான், "சொல்லும்மா" என்கிறேன்.